வண்டியில்லாமல் ஒரு நாள் படகுப் பயணம்: நெரிஞ்சிப்பேட்டையில் ஏறி பூலாம்பட்டியில் இறங்குவது

கேள்வி சுருக்கமாக இதுதான். கேட்பவர் கோயம்புத்தூரில் குடியிருக்கிறார். சொந்த வண்டி கிடையாது. ஒன்பது வயதுப் பையனுக்குப் படகில் போக ஆசை, கூடவே அவருடைய அம்மாவும் வருவார். ஒகேனக்கல் போகலாம் என்று பார்த்து, செலவுக் கணக்குப் போட்டுவிட்டுத் தள்ளி வைத்திருக்கிறார். ஒரே நாளில் ரயிலிலும் பஸ்ஸிலும் போய், கையைக் கடிக்காமல் ஒரு படகுப் பயணம் முடித்து, ராத்திரிக்குள் வீடு திரும்ப வழி உண்டா? அம்மாவால் ஏறி இறங்க முடியுமா?

உண்டு. நான் ஈரோடு மாவட்டம் அம்மாபேட்டைப் பக்கத்துக்காரன். என் அமுச்சி, அதாவது அம்மாவின் அம்மா, ஊர் காவிரிக்கு அந்தப் பக்கம். பள்ளிக்கூட லீவு விட்டால் படகு ஏறித்தான் அமுச்சி வீட்டுக்குப் போவோம். அதனால் இந்தப் பதிலில் கொஞ்சம் ஊர்ப்பாசம் இருக்கும், அதைக் கழித்துக்கொண்டு படியுங்கள்.

முதலில் ஒன்றைப் பிரித்துக்கொள்ள வேண்டும். படகில் இரண்டு வகை. ஒன்று சவாரிப் படகு. ஏறின இடத்திலேயே கொண்டுவந்து இறக்கிவிடும். ஊட்டி ஏரி, ஏற்காடு ஏரி எல்லாம் இந்த வகை. ஒகேனக்கல் பரிசலும் சுற்றிப் பார்க்க வருகிறவர்களுக்கு இதே கதைதான், அங்கே காசு ஆளுக்கு அல்ல, பரிசலுக்கு. பில்லூர் அணைப் பக்கம் பரளிக்காட்டில் வனத்துறை நடத்தும் பரிசல் சவாரியும் இதில்தான் சேரும். அதற்கு முன்கூட்டியே பதிவு செய்ய வேண்டும், மலைப்பாதையில் அவ்வளவு தூரம் போய்ச் சேர்வது வண்டியில்லாதவருக்குப் பெரிய பாடு. இன்னொன்று துறைப் படகு. அக்கரையில் வேலை, சந்தை, கல்யாணம், துக்கம் என்று போகிறவர்களுக்காக ஓடுவது. காட்சிக்குக் காசு வாங்குவதில்லை, ஆற்றைத் தாண்டுவதற்குத்தான் வாங்குகிறார்கள். காட்சி சும்மா கிடைக்கிறது. குறைந்த செலவு என்று நீங்கள் கேட்பதற்கு இந்த இரண்டாவது வகைதான் சரி.

கொங்கில் அப்படி இன்னும் நன்றாக ஓடுகிற துறை, காவிரியில் நெரிஞ்சிப்பேட்டைக்கும் பூலாம்பட்டிக்கும் நடுவில் இருப்பது. மேட்டூரில் அணையைத் தாண்டிய காவிரி தெற்கே இறங்குகிறது. அதன் வலக்கரை, அதாவது மேற்குப் பக்கம், நெரிஞ்சிப்பேட்டை, ஈரோடு மாவட்டம். இடக்கரை பூலாம்பட்டி, சேலம் மாவட்டம். நடுவில் ஆறு அகலமாக, அசையாமல், ஏரி மாதிரி நிற்கும். காரணம் கதவணை. மேட்டூருக்கும் பவானிக்கும் நடுவே செக்கானூர், நெரிஞ்சிப்பேட்டை, கோனேரிப்பட்டி, ஊராட்சிக்கோட்டை என்று நான்கு இடத்தில் மின்வாரியம் ஆற்றை மறித்து மின்சாரம் எடுக்கிறது, ஒவ்வொன்றும் 30 மெகாவாட். நெரிஞ்சிப்பேட்டைக் கதவணை தேக்கிவைக்கும் தண்ணீரில்தான் இந்தப் படகு போகிறது. மேட்டூரில் பாசனத்துக்குத் தண்ணீர் விடாத மாதங்களிலும் இங்கே படகு மிதக்கும் என்றால் அதற்கும் இந்தத் தேக்கம்தான் காரணம்.

தென்னை, தேங்கிய தண்ணீர், பின்னால் மலை. இதைப் பார்த்துவிட்டுப் பூலாம்பட்டிக்குக் ‘குட்டிக் கேரளா’ என்று யாரோ பேர் வைத்துவிட்டார்கள். சினிமாக்காரர்களும் நிறைய வந்து போயிருக்கிறார்கள். எனக்கு அந்தப் பெயரில் ஒப்புதல் இல்லை. அந்த மலை பாலமலை, அந்தத் தண்ணீர் காவிரி. இன்னொரு ஊரின் குட்டியாக இருக்க வேண்டிய அவசியம் பூலாம்பட்டிக்கு இல்லை.

சரி, பயணத்துக்கு வருவோம். நான் சொல்ல வருவதில் முக்கியமானது இதுதான்: படகு ஏறக்குறைய பத்து நிமிடம். உங்கள் நாளை முடிவு செய்வது படகு அல்ல, இரண்டு கரையிலும் உள்ள பஸ். வண்டி வைத்திருப்பவன் படகிலேயே இருசக்கர வாகனத்தை ஏற்றி, அக்கரையில் இறக்கி உதைத்துக்கொண்டு போய்விடுவான். நடந்து ஏறுகிறவர் இறங்கினதும் சாலையைப் பார்த்து நிற்க வேண்டும். ‘ஆறு கடக்கிற வரைக்கும் அண்ணன் தம்பி, கடந்த பிறகு நீ யாரோ நான் யாரோ’ என்று பழமொழி சொன்னவர் நிச்சயமாக வண்டியில்லாமல் படகு ஏறினவர்தான்.

அதனால் போன வழியே திரும்பாதீர்கள். ஒரு கரை வழியாகப் போய், ஆற்றைத் தாண்டி, மறு கரை வழியாக ஈரோட்டுக்கே வந்து சேருங்கள். ஈரோடு, பவானி, நெரிஞ்சிப்பேட்டை, படகு, பூலாம்பட்டி, எடப்பாடி, சங்ககிரி, ஈரோடு. இது ஒரு வட்டம். படகை வேடிக்கையாக அல்லாமல் நிஜமாகவே ஒரு வழியாகப் பயன்படுத்துகிறீர்கள். பையனுக்கும் அந்த வித்தியாசம் புரியும். ஏறின இடத்திலேயே இறங்கும் படகைவிட, ஏறினது ஒரு மாவட்டம் இறங்கினது இன்னொரு மாவட்டம் என்பது ஒன்பது வயதில் பெரிய சேதி.

வட்டத்தை எந்தத் திசையில் சுற்றுவது என்பதில் பலரும் தப்பு செய்கிறார்கள். பூலாம்பட்டிப் பக்கம்தான் மீன் கடையும் கூட்டமும் இருக்கிறது என்று முதலில் அங்கே போய், மத்தியானம் வரை இருந்துவிட்டு, சாயங்காலம் படகேறி மேற்கே வருவார்கள். நான் நேர்மாறாகச் சொல்வேன். காலையில் முதலில் நெரிஞ்சிப்பேட்டை. ஏன் என்றால், படகு ஓடவில்லை என்றால் அது உங்களுக்குக் காலை ஒன்பது மணிக்கே தெரிய வேண்டும், சாயங்காலம் ஐந்து மணிக்கு அல்ல. நெரிஞ்சிப்பேட்டை, பவானி - மேட்டூர் சாலையிலேயே இருக்கிற ஊர். படகு இல்லையென்றால் அதே சாலையில் அடுத்த மேட்டூர் பஸ்ஸைப் பிடித்து அணைக்குப் போய்விடலாம். நாள் வீணாகாது.

படகு எப்போது ஓடாது? இரண்டு காலம். மேட்டூரிலிருந்து தண்ணீர் அதிகமாக விடும்போது, அப்புறம் கதவணைப் பராமரிப்புக்காகத் தேக்கிய நீரைத் திறந்துவிடும்போது. பராமரிப்பு நாட்களில் ஆறு பாறையும் மணலுமாகக் கிடக்கும். அது ஒரு வகையில் பார்க்க வேண்டிய காட்சிதான், ஆனால் படகு கரையில் சாய்ந்திருக்கும்.

வெள்ளத்துக்கு ஒரு எளிய கணக்கு சொல்கிறேன். மேட்டூரின் முழுக் கொள்ளளவு 93.47 டிஎம்சி, நீர்மட்டம் 120 அடி. அணை நிரம்பாத வரை தண்ணீர் பெரும்பாலும் மின் நிலையங்கள் வழியாகத்தான் வெளியேறும், அது விநாடிக்குச் சுமார் 22,000 கனஅடி அளவுக்கு. அணை நிரம்பி, அதற்கு மேலும் கர்நாடகத்திலிருந்து வந்துகொண்டே இருந்தால், 16 கண் மதகைத் திறப்பார்கள். செய்தியில் ‘16 கண் மதகு திறப்பு, கரையோர மக்களுக்கு எச்சரிக்கை’ என்று படித்தீர்களானால் படகை மறந்துவிடுங்கள். 2022, 2024 ஆகிய ஆண்டுகளின் ஆடியில் அப்படித்தான் ஆனது. ஆடிப்பெருக்குக்கு ஆற்றில் இறங்கவே கட்டுப்பாடு வைத்திருந்தார்கள். கனஅடிக் கணக்கெல்லாம் துறையில் யாரும் பேசமாட்டார்கள். ஒரு தடவை நான் போய் நின்றபோது படகுக்காரர் கயிற்றைக்கூட அவிழ்க்காமல் உட்கார்ந்த இடத்திலிருந்தே சொன்னார்: “தண்ணி எச்சா வருதுங். இன்னைக்கு எடுக்கறதில்லைங்.” அவ்வளவுதான். அதற்கு மேல் கெஞ்சக் கூடாது. கெஞ்சினால் எடுப்பார் என்கிற படகில் ஏறவும் கூடாது.

ஆனால் பாருங்கள், எந்த வெள்ளத்தால் படகு நிற்கிறதோ அதே வெள்ளத்தால்தான் 16 கண் மதகும் திறந்திருக்கும். படகு ஓடாத ஞாயிற்றுக்கிழமை, மேட்டூரில் ஊரே திரண்டு வந்து மதகில் தண்ணீர் இடிந்து விழுவதைப் பார்த்துக்கொண்டிருக்கும். 1925-இல் தொடங்கி 1934-இல் முடித்த அணை அது. பையனை அங்கே கூட்டிக்கொண்டு போய், அணைப் பூங்காவில் உட்கார்ந்து பொரித்த மீன் வாங்கிக் கொடுத்தால், படகை மறந்துவிடுவான். மேற்குக் கரையில் தொடங்குங்கள் என்று நான் பிடிவாதமாகச் சொல்வதன் உள்காரணம் இதுதான். எடப்பாடி வழியாகப் பூலாம்பட்டி போய்ப் படகு இல்லையென்றால் இவ்வளவு சுலபமாக மனசு மாறாது.

இனி அந்த ஒரு நாள் பயணத்தை வரிசையாகச் சொல்கிறேன்.

கோயம்புத்தூரிலிருந்து காலையில் ஈரோட்டுக்கு ரயில் நிறைய. பொதுப் பெட்டியில் ஏறினால் செலவு குறைவு, நேரமும் பஸ்ஸைவிடக் குறைவு. ஏழரை மணிக்கு ஈரோடு சந்திப்பில் இறங்குகிற மாதிரி பார்த்துக்கொள்ளுங்கள். சந்திப்பிலிருந்து பஸ் நிலையம் போய், பவானி, அம்மாபேட்டை வழியாக மேட்டூர் போகும் வண்டி. ஏறும்போதே “நெரிஞ்சிப்பேட்டையில் நிற்குமா” என்று கேட்டுவிடுங்கள்.

பவானியில் இறங்கிக் கூடுதுறை பார்த்துவிட்டுப் போகலாமா என்று அம்மா கேட்பார்கள். எந்த அம்மாவும் கேட்பார்கள். காவிரியும் பவானியும் கூடுகிற இடம், சங்கமேஸ்வரர் கோயில். 1804-இல் கோவை கலெக்டராக இருந்த வில்லியம் காரோ கொடுத்த தந்தக் கட்டில் உள்ள கோயில் என்பதால் பையனுக்கும் சொல்ல ஒரு கதை கிடைக்கும். ஆனால் எச்சரிக்கை: கூடுதுறையில் இறங்கினால் இரண்டு மணி நேரம் போய்விடும். அமாவாசை, ஆடி, தை நாட்களில் திதி கொடுக்க வருகிற கூட்டத்தில் மூன்று மணி நேரம். படகு முக்கியம் என்றால் சீக்கிரம் கிளம்பி, தரிசனம் முடித்து, ஒன்பதரைக்குள் மறுபடி பஸ் ஏறிவிட வேண்டும். இல்லையென்றால் கோபுரத்தைப் பஸ் ஜன்னல் வழியாகப் பார்த்துக் கும்பிட்டுக்கொள்ளச் சொல்லுங்கள். நான் என் அம்மாவிடம் அப்படிச் சொல்லி வாங்கிக் கட்டிக்கொண்டேன், அது வேறு.

பவானி தாண்டினதும் சாலை ஆற்றை ஒட்டியும் விலகியும் போகும். வலது ஜன்னல் ஓரம் பிடியுங்கள், ஆறு அந்தப் பக்கம்தான். மஞ்சள், கரும்பு, வாழை, நடுநடுவே மேட்டூர் மேற்குக்கரை வாய்க்கால் பாசனம். ஆகஸ்ட் முதல் டிசம்பர் நடு வரை வாய்க்காலில் தண்ணீர் வரும் மாதங்களில் பச்சை கண்ணைப் பறிக்கும். ஏப்ரலில் போனால் அந்த அளவு இல்லை, வெயிலும் மண்டையைப் பிளக்கும். என்னைக் கேட்டால் நவம்பர் கடைசியிலிருந்து பிப்ரவரி வரை போவதுதான் உத்தமம். வெள்ளப் பயம் ஓய்ந்திருக்கும், காற்றும் குளிர்ச்சி.

நெரிஞ்சிப்பேட்டையில் இறங்கி, படகுத்துறை எங்கே என்று யாரைக் கேட்டாலும் கையைக் காட்டுவார்கள். சிறிய ஊர். துறைக்கு இறங்குமுன் டீ குடித்து, வீட்டிலிருந்து கொண்டுவந்ததைச் சாப்பிட்டுவிடுங்கள்.

படகு பற்றி. விசைப்படகு, மரப்பலகை இருக்கை. ஆள் சேர்ந்தால் எடுப்பார்கள். கால அட்டவணை என்று ஒன்றை எதிர்பார்க்க வேண்டாம். ஞாயிற்றுக்கிழமை கூட்டம் இருப்பதால் காத்திருப்பு குறைவு. வேலை நாளில் மத்தியான வேளை என்றால் அரை மணி நேரம்கூட உட்கார வேண்டி வரும். நான் கடைசியாகப் போனபோது ஆளுக்குப் பத்து ரூபாய், வண்டிக்குத் தனிக் காசு. விலை ஏறியிருந்தாலும் ஒரு டீக்கும் வடைக்கும் மேல் போகப்போவதில்லை. சில்லறையாக வைத்துக்கொள்ளுங்கள். ஐநூறு ரூபாய்த் தாளை நீட்டினால் படகுக்காரர் உங்களைப் பார்க்கும் பார்வையை நீங்கள் வாழ்நாளில் மறக்கமாட்டீர்கள்.

ஏறும்போது அவசரப்படாதீர்கள். முதலில் இருசக்கர வண்டிகளை ஏற்றி நடுவில் நிறுத்துவார்கள். அதன் பிறகு ஆட்கள். வண்டிக்கு முன்னால் ஓடி இடம் பிடித்தால் சைலன்சர் கெண்டைக்காலில் படும். அப்போதுதான் ஓட்டி வந்த வண்டியின் சைலன்சர் எவ்வளவு சூடு என்று எனக்குத் தழும்பே சாட்சி. வண்டிகள் நின்ற பிறகு ஏறி, முன்பக்க ஓரம் உட்காருங்கள். இறங்கும்போது அங்கிருந்துதான் முதலில் இறங்கலாம்.

உயிர்காப்பு உடுப்பைக் கேட்டு வாங்கிப் போடுங்கள். ஊர்க்காரர்கள் போடாமல் உட்கார்ந்திருப்பார்கள், தினமும் போகிறவர்களுக்கு அது பஸ் மாதிரி. நீங்கள் வெட்கப்பட வேண்டாம். பையனுக்குக் கட்டாயம். கொடுக்க இல்லை என்றால் அடுத்த படகுக்கு நில்லுங்கள். படகு நிறைந்து வழிகிற மாதிரி இருந்தாலும் அதேதான். பத்து நிமிடப் பயணத்துக்காக அரை மணி காத்திருந்தால் ஒன்றும் குறைந்துவிடாது. பையன் எழுந்து நின்று எட்டிப் பார்ப்பான். “கண்ணு, எந்திரிக்காத. சித்த நேரம் உக்காந்துக்க” என்று யாராவது ஒரு அத்தை உங்களுக்கு முன்னால் சொல்லிவிடுவார். அந்தப் பாதுகாப்பு துறைப் படகில் இலவசம்.

காலை வெயில் கிழக்கிலிருந்து அடிப்பதால் பின்னால் திரும்பிப் பார்த்தால் பாலமலையின் மடிப்பெல்லாம் தெளிவாகத் தெரியும். முன்னால் பூலாம்பட்டிக் கரை வெளிச்சத்துக்கு எதிரே கருப்பாக இருக்கும். படம் எடுப்பதென்றால் பின்னால் திரும்பி எடுங்கள். நடு ஆற்றில் மோட்டார் சத்தத்தையும் மீறி ஒரு நிசப்தம் வரும். என் சின்ன வயதில் இங்கே பரிசலும் உண்டு. மூங்கில் பின்னல், அடியில் தார் பூச்சு. அதில் நாலு ஆட்டுக்குட்டிகளோடு அமுச்சி வீட்டுக்குப் போயிருக்கிறேன். ஆடுகள் கத்தவே இல்லை. நான்தான் கத்தினேன்.

பூலாம்பட்டியில் இறங்கினால் கரையோரமே கடைகள். மீன்தான் இங்கே சாப்பாடு. கட்லா, ரோகு, கெளுத்தி, ஜிலேபி. மசாலா தடவி வரிசையாக வைத்திருப்பார்கள், கல்லில் போட்டு எடுத்துத் தருவார்கள். விலையை முதலில் கேட்டுவிட்டு அப்புறம் கையைக் காட்டுங்கள். பெரிய துண்டு ஒன்றைவிடச் சிறிய ஜிலேபி மீன் இரண்டு ருசி, ஆனால் முள் அதிகம், பையனுக்கு நீங்கள்தான் பிரித்துக் கொடுக்க வேண்டும். சைவமென்றால் கடைத்தெருவுக்குள் கொஞ்சம் நடக்க வேண்டும்.

குளிக்கலாமா என்று கேட்கவில்லை, ஆனாலும் சொல்கிறேன். படித்துறையில் கால் நனையுங்கள், போதும். தேங்கிய தண்ணீர் என்பதால் அமைதியாகத் தெரியும். ஆழம் சட்டென்று இறங்கும். மேலே செக்கானூர்க் கதவணையில் என்ன செய்கிறார்கள் என்பது கரையில் நிற்கும் உங்களுக்குத் தெரியாது. நீச்சல் தெரிந்த எங்கள் ஊர்ப் பையன்களே இந்த ஆற்றில் போயிருக்கிறார்கள்.

ஆசை தீரவில்லை என்று பையன் அடம் பிடித்தால், பூலாம்பட்டியிலிருந்து மறுபடி ஒரு நடை போய்த் திரும்பி வரலாம். ஆளுக்கு இன்னும் இருபது ரூபாய், அரைமணி நேரம். அந்தச் செலவுக்கு நான் ஒப்புக்கொள்வேன்.

சாயங்காலம் வரை அங்கே இருந்தால் சூரியன் பாலமலைக்குப் பின்னால் இறங்குவதைப் பார்க்கலாம். அழகு, மறுக்கவில்லை. ஆனால் வண்டியில்லாதவருக்கு அந்த அழகு கொஞ்சம் விலை கூட. ஒருமுறை நானும் என் மச்சானும் அக்கரையில் ஒறம்பரை (சொந்தக்காரர்) வீட்டில் பேசிக்கொண்டே இருந்துவிட்டுத் துறைக்கு வந்தால், படகு கட்டிப் போட்டாயிற்று. எதிர்க்கரையில் எங்கள் ஊர் பஸ்ஸின் விளக்கு தெரிகிறது. நடுவில் ஆறு. பூலாம்பட்டியிலிருந்து மேட்டூர் போய், அங்கிருந்து அம்மாபேட்டை வர ராத்திரி பத்தரை ஆனது. கதவணை மேலே நடந்து போகலாமே என்று யாராவது யோசனை சொல்வார்கள். அது மின்வாரியத்தின் இடம், அதை நம்பித் திட்டம் போடக் கூடாது. இருட்டின பிறகு படகு எடுப்பதில்லை என்பதை மட்டும் மனதில் வையுங்கள். நான் சொன்ன வட்டத்தில் போனால் உங்களுக்கு இந்தச் சிக்கல் வராது, ஏனென்றால் ஆற்றைக் காலையிலேயே தாண்டிவிட்டீர்கள்.

மத்தியானம் மூன்று மணி வாக்கில் பூலாம்பட்டியிலிருந்து எடப்பாடிக்கு டவுன் பஸ். அம்மாவுக்கு இதில் டிக்கெட் கிடையாது. அரசு டவுன் பஸ்ஸில், சாதாரணக் கட்டண வண்டியில், 2021-இலிருந்து பெண்களுக்குக் கட்டணமில்லை. முன்னும் பின்னும் இளஞ்சிவப்பு அடித்திருக்கும். புறநகர் வண்டிகளுக்கும் தனியார் வண்டிகளுக்கும் இது பொருந்தாது, ஏறுமுன் பார்த்துக்கொள்ளுங்கள். பையனுக்கு அரை டிக்கெட்.

எடப்பாடியில் விசைத்தறிச் சத்தம் தவிர நிற்க வேண்டிய காரணம் எனக்குத் தெரிந்து இல்லை. அங்கிருந்து சங்ககிரி வழியாக ஈரோடு. சங்ககிரி நெருங்கும்போது மலைக்கோட்டை தெரியும். தீரன் சின்னமலையை 1805-இல் தூக்கிலிட்ட இடம். ஏறிப் பார்க்க இன்னொரு நாள் வேண்டும், இன்றைக்குப் பஸ்ஸிலிருந்து பையனுக்குக் காட்டினால் போதும். மறுபடி காவிரியைத் தாண்டித்தான் ஈரோட்டுக்குள் நுழைவீர்கள், இந்தத் தடவை பாலத்தின் மேல். காலையில் படகில் பத்து நிமிடம் எடுத்த ஆற்றை பஸ் ஒரு நிமிடத்துக்குள் தாண்டிவிடும். பையன் கீழே எட்டிப் பார்ப்பான்.

செலவு: ஈரோட்டிலிருந்து கிளம்பி ஈரோட்டுக்கே திரும்ப, படகையும் சேர்த்துப் பெரியவர் ஒருவருக்கு 150 ரூபாய்க்குள் அடங்கும். ரயில் டிக்கெட்டும் மீனும் தனி. மீனுக்குத்தான் அதிகம் ஆகும் என்று நினைக்கிறேன்.

வேறு துறைகளும் உண்டு. மேட்டூர் அணைக்கு மேலே, நீர்த்தேக்கத்திலேயே பண்ணவாடியிலிருந்து நாகமரைக்குப் படகு போகிறது. இக்கரை சேலம் மாவட்டம், அக்கரை தர்மபுரி மாவட்டம். கொளத்தூர் வழியாகப் போக வேண்டும். இது பூலாம்பட்டி மாதிரி அல்ல. தண்ணீர் கடல் போல விரிந்து கிடக்கும், காற்றடித்தால் அலை வரும். அணை கட்டியபோது மூழ்கிய ஊர்களின் மேல்தான் படகு போகிறது. நீர்மட்டம் நன்றாக இறங்கும் வருடங்களில் பண்ணவாடிப் பக்கம் பழைய கோயிலின் நந்தியும் தேவாலயத்தின் கோபுரமும் வெளியே தலை நீட்டும். அப்போது தண்ணீர் பின்வாங்கியிருப்பதால் துறையும் கூடவே நகர்ந்துவிடும், வெடித்த சேற்று நிலத்தில் நெடுநேரம் நடக்க வேண்டும். அக்கரை இறங்கினால் ஏரியூர், பென்னாகரம் பக்கம் போகும் பஸ்ஸுக்குக் காத்திருப்பும் அதிகம். காலில் தெம்பும் கையில் நேரமும் உள்ளவர்களுக்கு நான் இதைத்தான் முதலில் சொல்வேன். அம்மாவோடும் பையனோடும் போகிறவருக்கு, முதல் தடவைக்கு, வேண்டாம்.

பவானிசாகர் தாண்டித் தெங்குமரஹாடாவில் மாயாற்றைப் பரிசலில் கடப்பதைப் பற்றியும் சிலர் சொல்வார்கள். அது புலிகள் காப்பகத்துக்குள் இருக்கும் ஊர், அந்தப் பரிசல் அந்த மக்களின் வாசல்படி. வனத்துறை அனுமதி இல்லாமல் வேடிக்கை பார்க்கப் போகிற இடம் அல்ல.

கடைசியாக, அம்மாவால் ஏறி இறங்க முடியுமா என்று கேட்டீர்கள். கரைக்கும் படகுக்கும் நடுவே ஒரு பெரிய எட்டு வைக்க வேண்டும், சில சமயம் பலகை போட்டிருப்பார்கள். தண்ணீர் ஏறி இறங்குவதைப் பொறுத்து அந்த எட்டு உயரும், தாழும். செருப்பைக் கழற்றி உங்களிடம் கொடுக்கச் சொல்லுங்கள், ஈரப் பலகையில் வெறுங்கால்தான் பிடிக்கும். சேலையைக் கொஞ்சம் தூக்கிச் செருகிக்கொள்ளட்டும். நீங்கள் முன்னால் ஏறிக் கை கொடுக்க வேண்டாம், படகு ஆடும், இரண்டு பேரும் சேர்ந்து தடுமாறுவீர்கள். படகுக்காரரிடம் “அம்மாவைக் கொஞ்சம் புடிச்சுக்குங்க” என்று சொன்னால் போதும். என் அமுச்சி எழுபது வயதுக்கு மேலும் அப்படித்தான் ஏறினார். ஒரு கை படகுக்காரர் தோளில், இன்னொரு கையில் எங்களுக்குக் கொண்டுவந்த முறுக்குத் தூக்குப்போசி. அதை மட்டும் யாரிடமும் கொடுக்கமாட்டார்.